இசைத்தட்டு வேண்டாம், பாட்டுப் புத்தகம் போடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. விஸ்காம் முடித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு விளம்பர அலுவலகத்தில் டிசைனராக இருக்கிறேன். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் பேண்ட் நடத்துகிறார்கள். எட்டுத் தமிழ்ப் பாட்டு, மொத்தம் 34 நிமிடம், சொந்தமாகப் பதிவு செய்து முடித்துவிட்டார்கள். ஜனவரியில் பாளையங்கோட்டையில் வெளியீடு. 300 பேர் வரை வருவார்கள் என்று நினைக்கிறோம். ஆல்பம் அட்டை, போஸ்டர், டி-ஷர்ட் எல்லாம் என் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் இருக்கிறது. அவர்களுக்கு வினைல் ரெக்கார்டு போட ஆசை. அட்டையில் தன் முகம் வேண்டும் என்கிறார் பாடகர். டிரம்மர் தாமிரபரணி என்கிறார். கிதார்காரர் மண்டையோடு என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று, நண்பர்களிடம் சம்பளம் கேட்கலாமா? பாட்டு வரிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்:

தம்பி,

பாட்டு வரிகளை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது பாட்டில், பீடி சுற்றும் அம்மாவின் மடியில் இருக்கும் சுளகு (முறம்) வருகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வினைல் ஆசையைப் பேசி முடித்துவிடலாம்.

ஆசையில் பிழை இல்லை. 12 அங்குலத் தட்டு 33⅓ வேகத்தில் சுற்றினால் பக்கத்துக்கு இருபது நிமிடம் தாராளமாகப் பிடிக்கும். உங்கள் 34 நிமிடம், பக்கத்துக்கு 17 என்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்காரும். சிக்கல் பணத்தில்தான். மாஸ்டர் வெட்டி, அதிலிருந்து அச்சு எடுத்து, சோதனைத் தட்டு கேட்டுச் சரிபார்த்து, அப்புறம்தான் முதல் தட்டு வெளியே வரும். அதுவரை ஆன செலவு ஐம்பது தட்டுக்கும் ஒன்றுதான், ஐந்நூறுக்கும் ஒன்றுதான். உங்கள் 40,000 நூறு தட்டுக்கே போதாது, மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதன் மேல் உறை. 12⅜ அங்குலச் சதுரம் இரண்டு பக்கம், முதுகு, ஒட்டுவதற்கு மடிப்பு என்று விரித்தால் 25 அங்குலத்தைத் தாண்டும். உங்கள் ஊர் டிஜிட்டல் பிரஸ்ஸில் பெரும்பாலும் 13க்கு 19 அங்குலத் தாள்தான் ஓடும். உறையை அதில் அடிக்க முடியாது. பெரிய தாளில் பிளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட், வெட்டத் தனி டை, ஒட்ட பேஸ்டிங் என்று கணக்கு நீளும்.

உறை ஆளையே விழுங்கிவிடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பிரபலமான கதை உண்டு. 1983இல் நியூ ஆர்டர் என்ற குழுவின் ஒரு தட்டுக்கு டிசைனர் பீட்டர் சாவில் ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரியே ஓட்டைகள் வெட்டிய உறை செய்தார். வெட்டுக்கூலி ஏறிப்போய், விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் கம்பெனிக்கு நஷ்டம் என்பார்கள். எவ்வளவு நஷ்டம், உண்மையிலேயே நஷ்டமா என்பதில் சம்பந்தப்பட்டவர்களுக்குள்ளேயே ஒத்த பேச்சு இல்லை. அந்தத் தட்டு லட்சக்கணக்கில் விற்றது, தாங்கினார்கள். உங்களிடம் இருப்பது 300 பேர்.

சிடி என்றால், இன்று லேப்டாப்பில் அதற்கு வாயே கிடையாது. கேசட் எனக்கே பிடித்த பொருள். அதன் உள்ளட்டை நாலு அங்குல உயரம். முகப்பு, முதுகு, பின்மடிப்பு மூன்றும் சேர்ந்து அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 13க்கு 19 தாளில் பன்னிரண்டு உட்காரும். நூறு கேசட்டுக்கு ஒன்பது தாள். இவ்வளவு மலிவான ஆல்பம் அட்டை உலகத்தில் இல்லை. ஆனால் அந்த அரங்கில் எத்தனை பேர் வீட்டில் டேப் ரெக்கார்டர் ஓடுகிறது? வாங்குகிறவர் கேசட்டை அலமாரியில் அழகுக்கு வைப்பார். அப்படி வைப்பது குற்றமில்லை, ஆனால் அப்போது நீங்கள் விற்பது ஒன்பது தாளையும் கொஞ்சம் பிளாஸ்டிக்கையும்தான்.

பாட்டு எப்படியும் போனில்தான் ஓடப்போகிறது. வந்தவர் கையில் எடுத்துக்கொண்டு போகும் பொருள் காகிதம்தான் என்றால், அந்தக் காகிதத்தையே ஆல்பமாகச் செய்யலாமே. பாட்டுப் புத்தகம் போடுங்கள்.

உங்கள் வயதுக்கு ஞாபகம் இருக்காது, அப்பாவிடம் கேளுங்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டு பெரும்பாலும் நடுவில் ஓட்டை போட்ட காகித உறையில்தான் வந்தது. உறையில் கம்பெனி பெயரும் முத்திரையும் இருக்கும், உள்ளே இருக்கும் பாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. தமிழ்ப் பாட்டுக்குக் காகிதத்தில் முகம் கொடுத்தது தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம். மட்டமான தாள், முகப்பில் படம், உள்ளே கதைச் சுருக்கம். முக்கால்வாசிக் கதையைச் சொல்லிவிட்டு முக்கியமான இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பாட்டு வரிகள். இசைத்தட்டு வாங்க முடியாதவர்கள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடினார்கள். ரெக்கார்டு பிளேயர் இல்லாத உங்கள் 300 பேருக்கு இதைவிடப் பொருத்தமான உறை எனக்குத் தெரியவில்லை.

கணக்கும் ஒத்துவருகிறது. 18க்கு 23 அங்குல டெமி தாளை எட்டாக மடித்தால் இரு பக்கமும் சேர்த்து 16 பக்கம். எட்டுப் பாட்டு, யார் என்ன வாசித்தார்கள் என்ற விவரம், நடுப்பக்கத்தில் ஒரு படம் என்று எல்லாம் ஒரே தாளில் அடங்கும். உள்ளே 80 ஜிஎஸ்எம் கனத்தில் மேப்லித்தோ தாள், ஒற்றைக் கறுப்பு. மேலட்டை 250 அல்லது 300 ஜிஎஸ்எம், இரண்டு கலர். நடுவில் இரண்டு பின். லேமினேஷன் வேண்டாம், அட்டை கொஞ்சம் அழுக்காகி, மூலை மடங்கினால்தான் பாட்டுப் புத்தகம். 500 அடியுங்கள். ஆஃப்செட்டில் பிளேட்டும் மெஷின் செட்டிங்கும்தான் செலவு. 300க்கும் 500க்கும் நடுவே ஏறுவது தாள் விலை மட்டும்.

இரண்டு கலர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நியூயார்க்கில் ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனிக்கு ரீட் மைல்ஸ் சுமார் ஐந்நூறு அட்டைகள் செய்தார். அவற்றில் பெரும்பாலானவை பிரான்சிஸ் உல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அதோடு ஒரே ஒரு கலர், மிச்சமெல்லாம் எழுத்து. காரணம் கலைக் கொள்கை அல்ல, கையில் காசில்லை. அந்த மனிதருக்கு ஜாஸ் பெரிதாகப் பிடிக்கவும் பிடிக்காது, மேற்கத்திய சாஸ்திரிய இசைக்காரர். கம்பெனி முதலாளி ஆல்பிரட் லயன் வந்து, பதிவு எப்படி நடந்தது, பாட்டின் மனநிலை என்ன என்று விவரிப்பார். அதை வைத்துக்கொண்டு மைல்ஸ் வேலை செய்வார்.

முகம், ஆறு, மண்டையோடு பஞ்சாயத்துக்கும் இதுவே வழி. 'அட்டையில் என்ன வேண்டும்' என்று ஐந்து பேரையும் கேட்டது உங்கள் தவறு. அப்படிக் கேட்டால் எல்லோரும் டிசைனர் ஆகிவிடுவார்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, எட்டுப் பாட்டில் எதைப் பதிவு செய்யும்போது தொண்டை அடைத்தது, எந்தப் பாட்டைத் தூக்கிப் போட்டால் ஆல்பம் செத்துவிடும் என்று கேளுங்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், மூன்று பேராவது மூன்றாவது பாட்டைச் சொல்வார்கள். சொல்லவில்லையென்றால் நான் தோற்றேன், அவர்கள் சொல்லும் பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது பாட்டு என்றே வைத்துக்கொள்வோம். சுளகை மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் வளைவு. வேறு எந்தப் பாத்திரத்தோடும் குழம்பாத வடிவம், சதுரத்துக்குள் தானாகவே உட்காரும். அதற்குள் வெட்டிய இலைகள், ஒரு கத்தரி, நூல். எட்டு இலை வைத்தால் எட்டுப் பாட்டு. யாராவது கவனித்தால் கவனிக்கட்டும். பீடியை வரைய வேண்டாம். பாட்டு அம்மாவின் வேலையைப் பற்றியது, புகையைப் பற்றியதில்லை. புகையிலைப் பொருள் படம் போட்டால் சில இடங்களில் வீண் கேள்விகளும் வரும்.

இது நான் உங்களுக்குத் தரும் டிசைன் இல்லை, எப்படி யோசிக்கலாம் என்பதற்கு மாதிரி. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் சிவகாசி போய்விடலாம். அந்த ஊரில் அச்சுத்தொழில் வளர்ந்ததே தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கத்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, லேபிளுக்காக அச்சு, அச்சுக்காக மை, மைக்காக ஆள் என்று ஊரே அதன் பின்னால் போனது. பழைய தீப்பெட்டி லேபிள் ஒன்றை எடுத்து மேஜையில் வையுங்கள். இரண்டு விரல் அகலம்தான். ஒரு படம், ஒரு பெயர், தடித்த ஓரக்கோடு, மூன்று நான்கு மை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் 'அந்த அணில் பெட்டி குடு' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. போனில் பாட்டுப் பட்டியலில் உங்கள் அட்டை தெரியப்போகும் அளவு அந்த லேபிளைவிடச் சின்னது.

லேபிளின் ஒழுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தோற்றத்தை எடுக்காதீர்கள். ரெட்ரோ என்ற பெயரில் தீப்பெட்டி லேபிளைக் காப்பியடித்த காபிக் கடை, டி-ஷர்ட், நோட்டுப் புத்தகம் எல்லாம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. அதோடு, பீடிக் கம்பெனி லேபிள்கள் பதிவு செய்த வணிகக் குறிகளாக இருக்கும். அம்மா சுற்றும் பிராண்டையே அட்டையில் போட்டால் வக்கீல் நோட்டீஸ்தான் முதல் விமர்சனம்.

பாடகரின் முகம் நடுப்பக்கத்துக்கு, ஆறு போஸ்டருக்கு. மண்டையோட்டை அவர் கிதார் பெட்டியில் ஒட்டிக்கொள்ளட்டும்.

எழுத்துக்கு வருவோம், தமிழ் டிசைனருக்கு மற்றவர்களுக்கு இல்லாத தலைவலி இங்கேதான். பெயரைக் கையால் எழுதுங்கள். உங்களுக்கு வராவிட்டால் போர்டு எழுதும் ஓவியர் ஒருவரைப் பிடித்துக் காசு கொடுத்து எழுதி வாங்குங்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது, கை போய்விடவில்லை. உள்ளே பாட்டு வரிகளுக்கு எழுத்துரு வேண்டும். எங்கோ கிடைத்த திருட்டு ஃபான்ட் வேண்டாம். கேட்டமரன், முக்தா மலர், பவனம், அரிமா மதுரை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பு இடம் மாறி உட்காரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு குழுவின் சிடி அட்டையை, ஃபான்ட்டைக் கர்வ் ஆக, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றாமல் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே கோரல்டிராவில் திறந்திருக்கிறார்கள், அந்த மெஷினில் அந்த ஃபான்ட் இல்லை. தலைப்பில் இருந்த 'கொடி', கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, படிக்கவே முடியாத ஏதோ ஒன்றாக 500 பிரதி வந்து இறங்கியது. ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். படத்தைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் அந்த ஒரு பிரதி என் மேஜைக்கு எதிரே சுவரில் இருக்கிறது.

ஆகவே கர்வ் ஆக்கி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விடுங்கள். சின்ன எழுத்து எல்லாம் ஒற்றைக் கறுப்பு. நாலு மையும் கலந்த கறுப்பில் போட்டால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அழகுதான், ஆனால் தமிழில் சுழிகள் அதிகம். ஏழு எட்டுப் பாயிண்ட்டில் 'ணை'யும் 'ழு'வும் மை அடைத்துப் புள்ளியாகிவிடும்.

பாட்டு வரிகளைப் பாடலைக் கேட்டு டைப் அடிக்காதீர்கள். எழுதியவரிடமே வாங்குங்கள், வரி எங்கே உடைகிறது என்பதையும் அவரே சொல்லட்டும். நெல்லைப் பேச்சில் எழுதியதை யாரும் 'திருத்தி' விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'வாரேன்' என்று பாடியிருந்தால் 'வாரேன்'தான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் க்யூஆர் கோடு. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளைத் தாளில் ஒற்றைக் கறுப்பில், சுற்றிலும் வெறும் இடம் விட்டு. இலவசமாகக் கோடு செய்து தரும் தளங்கள் சில, நடுவில் தங்கள் முகவரியை நுழைத்துவிடும். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் செய்தால் பணம் கட்டு என்று நிற்கும், அல்லது ஒன்றுமே வராது. பேண்டின் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதில் ஒரு பக்கத்துக்குக் கோடு போகட்டும். பாட்டு எந்தத் தளத்துக்கு மாறினாலும் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும், அச்சடித்த 500 புத்தகமும் உயிரோடு இருக்கும். டிஜிட்டல் பிரஸ்ஸில் ஒரு மாதிரித் தாள் எடுத்து, பழைய போன் ஒன்றில், மங்கலான வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள். அரங்கில் அப்படித்தான் இருக்கும்.

அதே பக்கத்தில் இன்னொரு விஷயமும் வர வேண்டும், பெரும்பாலான சுயாதீனக் குழுக்கள் விட்டுவிடுவது. ஒலிப்பதிவை வெளியிட்டால் அதைத் தயாரித்தவரின் பெயர் முகவரி, பதிப்புரிமை யாருடையதோ அவரின் பெயர் முகவரி, முதலில் வெளியான வருடம் ஆகிய மூன்றையும் பதிவிலும் அதன் உறையிலும் காட்ட வேண்டும் என்று 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு சொல்கிறது. உங்களுக்கு உறை என்பது இந்தப் புத்தகம்தான்.

டிஜிட்டல் தளங்களுக்கான சதுர அட்டை தனி வேலை. 3000க்கு 3000 பிக்சல், திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில். அதில் இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், விலை, க்யூஆர் எதுவும் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்டையில் எழுதிய பெயரும் பதிவேற்றும்போது டைப் அடிக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தே இல்லாமலும் விடலாம். 1979இல் ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பம் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுத்த, பல்சார் என்ற துடிக்கும் விண்மீனின் அலைக்கோடுகள் மட்டும். புத்தகத்தில் வெள்ளையில் கறுப்பாக இருந்ததை, முன்பு சொன்ன அதே சாவில் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டார். அந்தக் குழுவின் ஒரு பாட்டைக்கூடக் கேட்காதவர்கள் இன்றும் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் சுளகு அப்படித் தனியாக நிற்குமா என்று சோதிக்க எளிய வழி: ஒரு சென்டிமீட்டர் அளவில் அச்சடித்து, கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

போஸ்டரை 20க்கு 30 டபுள் க்ரவுனில் அடியுங்கள், ஒற்றைக் கலர், கலர் தாளில். நம் ஊரில் ஒற்றைக் கலர் போஸ்டர் என்றால் கண்ணீர் அஞ்சலி ஞாபகம் வரும், அதனால் மஞ்சளோ ரோஸோ எடுங்கள். இருபது இருபத்தைந்து போதும். டீக்கடை, புத்தகக் கடை, கல்லூரி அறிவிப்புப் பலகை என்று கேட்டு ஒட்டும் இடங்களுக்கு மட்டும். பொதுச் சுவரில் ஒட்ட வேண்டாம். திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லிருந்தே சட்டம் இருக்கிறது. எல்லோரும் ஒட்டுகிறார்களே என்பீர்கள். அவர்களுக்குப் பின்னால் கட்சி இருக்கிறது.

போஸ்டரில் முதலில் கண்ணில் பட வேண்டியது கிழமையும் நேரமும் இடமும். பேண்டின் பெயர் அதற்கப்புறம். உங்களைத் தெரியாதவருக்கு அந்தப் பெயர் இன்னும் வெறும் சொல்தான். 'சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி' என்று எழுதினால் வருவார். அதே டிசைனை வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு நெட்டுவாக்கில் 1080க்கு 1920இல் தனியாக அமையுங்கள். போஸ்டரை அப்படியே ஸ்டேட்டஸில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் எறும்பெழுத்து. பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பும் படங்களை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள். கிடைமட்டப் படம் ஒன்று, நெட்டுப் படம் ஒன்று, குழுவைப் பற்றித் தமிழில் ஐந்து வரி, ஐந்து பேரின் பெயரும் இடமிருந்து வலமாக. இவ்வளவு போதும்.

மேடையும் டிசைன்தான். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறை மேடையேறிய, சாதிக்கு எதிராகப் பாடும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு ஒரே மாதிரி கோட்டு சூட்டில் வந்து நின்றது. கானாவும் பறையும் கோட்டுப் போட்டு நின்றால் அதுவே ஒரு அரசியல் வாக்கியம், போஸ்டர் எழுத வேண்டியதை உடை எழுதிவிட்டது. உங்கள் ஐந்து பேருக்கு என்ன உடை என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆளுக்கொரு இங்கிலீஷ் வாசக டி-ஷர்ட் வேண்டாம்.

டி-ஷர்ட் விஷயத்தில் முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அடியுங்கள். திருப்பூரில் 180 ஜிஎஸ்எம் காட்டன், ஸ்கிரீன் பிரிண்ட். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் ஒற்றைக் கலர் டிசைன்தான் உங்களுக்குக் கட்டும். ஆர்டர் இல்லாமல் அடித்தால் எக்ஸ்எல் எல்லாம் டிரம்மர் வீட்டுப் பரணில் இருக்கும்.

இப்போது தேதி. ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து டிசம்பர் கடைசி வரை அந்த ஊர் மெஷின்கள் காலண்டருக்கும் டைரிக்கும்தான். நடுவில் தீபாவளி விடுமுறை வேறு. உங்கள் 500 புத்தகம் அந்தக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும். அக்டோபருக்குள் ஃபைல் போய்விட வேண்டும், அல்லது நெல்லையிலேயே ஒரு சின்ன ஆஃப்செட்டில் அடியுங்கள். இன்னொன்று, அங்கே போய் 'ஆல்பம் அடிக்கணும்' என்று சொல்லிவிடாதீர்கள். சிவகாசியில் ஆல்பம் என்றால் காலண்டர் மாதிரிகளைக் கோத்த தொகுப்பு. 'பாட்டுப் புத்தகம், டெமி எட்டில் ஒன்று, 16 பக்கம் ஒரு கலர், அட்டை இரண்டு கலர், சென்டர் பின்' என்று சொன்னால், தலையை நிமிர்த்தாமலே விலை சொல்வார்கள்.

கடைசியாகச் சம்பளம். கேட்க வேண்டும். 40,000இல் ஐந்தில் ஒரு பங்கு, 8,000 என்று சொல்லுங்கள், பாதியை வேலை தொடங்கும்போதே வாங்குங்கள். 'வித்துட்டுத் தாரோம்' என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்காவிட்டால் காசும் போகும், நட்பும் போகும். பேண்ட் சார்பில் உங்களிடம் பேச ஒரே ஒரு ஆள், திருத்தம் இரண்டு முறை. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பக்கத்தில் உரிமையும் வர வேண்டும். நம் சட்டப்படி பதிப்புரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் ஓவியமும் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் காசு கொடுத்தவருக்கே போகும். ஆகவே அட்டை, போஸ்டர், டி-ஷர்ட் என்று எதற்கெல்லாம் அவர்கள் பயன்படுத்தலாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பேண்ட் உடைந்தால் சுளகுச் சின்னம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். கசப்பாக இருக்கும். உடைந்த பிறகு எழுதுவது இன்னும் கசக்கும்.

பிரஸ்ஸிலிருந்து ப்ரூஃப் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் மூன்றாவது பாட்டில் வரும் அந்த அம்மா வீட்டுக்கு எடுத்துப் போங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில், சுளகை மடியில் வைத்துக்கொண்டே அவர் அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். கண்ணாடி தேடினால் எழுத்தை ஒரு பாயிண்ட் கூட்டுங்கள்.